கரிசல் மண்ணும் வீட்டுச் சுவரும்

(கரிசல் வட்டாரத்து ஊரொன்றில், வீடு உடையோருக்கும் வீடு கட்ட எண்ணியிருப்போருக்குமாக நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆயுள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளையும், அது போதாத இடத்தில் வாங்கிய கடனையும் கொட்டி எழுப்பிய வீட்டின் சுவரிலே, குடிபுகுந்த இரண்டாம் கோடையிலோ மூன்றாம் கோடையிலோ, ஜன்னலின் மூலையிலிருந்து ஒரு விரிசல் சாய்வாக ஓடக் கண்டால், அவ்வீட்டுக்காரரின் மனம் என்ன பாடுபடும் என்பதை இந்தச் சீமையில் நான் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சிலர் கொத்தனாரைக் குறை கூறுவார்கள். சிலர் சிமெண்டின் தரத்தைச் சந்தேகிப்பார்கள். மனையடி சாஸ்திரப்படி வாசல் அமையாததே காரணம் என்று சொல்லி வாசலை மாற்றச் செய்வாரும் உண்டு. மாடி எடுத்தபோது பாரம் தாங்காமல் அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்பது பெரும்பாலோர் முடிவு. இவற்றுள் ஒவ்வொன்றும் எங்கேனும் ஓரிடத்தில் பேசத் தக்கதாக இருக்கலாம். ஆயினும் கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கரிசல் நிலத்து வீடுகளில் காணும் சாய்வு விரிசல்களுள் மிகப் பலவற்றுக்குக் காரணம் வேறு. வீட்டின் கீழுள்ள மண் மழைக்காலத்தில் நீர் குடித்துப் பருக்கிறது. கோடையில் நீர் இழந்து சுருங்குகிறது. அவ்விரண்டும் வீட்டின் எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவாக நிகழாமல், ஒரு மூலையில் அதிகமாகவும் மற்றொரு மூலையில் குறைவாகவும் நிகழ்கின்றன. ஆகவே இந்த மண்ணில் வீடு உடையவர் முதன்மையாகக் காக்க வேண்டியது வீட்டடி மண்ணின் ஈரத்தையே என்பதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்க வந்த பொருள்.

நிலம் அசையும் வகைகள் பலவுண்டு. மலைச்சரிவில் பழைய மண்சரிவின் குவியல்மேல் ஊர் எழும்பினால் அக்குவியல் மீண்டும் நகரக்கூடும். உத்தரகண்டத்தின் ஜோஷிமடத்தில் 2023ஆம் ஆண்டு ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகள் வெடிப்புற்றதை நாடே கண்டது. அந்நகரம் அத்தகைய குவியல்மேல் நிற்கிறது என்றும், அங்கே கனத்த கட்டடம் கூடாது, மரங்களை வெட்டலாகாது, வடிகால் செம்மையாக வேண்டும் என்றும் அதை ஆராய்ந்த மிஸ்ரா குழு 1976லேயே எழுதி வைத்திருந்தது. ஏரிப்படுகையின் களிமண்மேல் வளர்ந்த மெக்சிகோ நகரம், அடியிலுள்ள நீரை இறைத்து இறைத்து, சென்ற நூற்றாண்டில் சில பகுதிகளில் ஒன்பது மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிட்டது. இவை பேரிடர்கள், அரசாங்கமும் நிபுணர்களும் கூடித் தீர்க்க வேண்டியவை. நான் பேச வந்ததோ ஆண்டுதோறும் ஓசையின்றி நிகழ்ந்து, ஒரு தனி வீட்டுக்காரரின் தூக்கத்தையும் கைப்பொருளையும் கொண்டுபோகும் அசைவைப் பற்றி.

கரிசலின் சுபாவத்தை உழவர் நன்கறிவர். பங்குனி, சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் அதே நிலம், ஐப்பசி மழையில் வெடிப்புகள் யாவும் மூடி, காலை வைத்தால் பற்றிக்கொள்ளும் சேறாகிறது. இதற்குக் காரணம் அம்மண்ணில் மிகுந்துள்ள மாண்ட்மோரில்லனைட் என்னும் கனிமம். பிரான்சிலுள்ள மாண்ட்மோரில்லான் என்னும் ஊரின் பெயரால் வழங்குவது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடுகள், கயிறு தளர்ந்த ஓலைச்சுவடிபோல, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட அமைப்புடையது அது; ஏடுகளுக்கு இடையே உள்ள பிணைப்பு வலிவற்றதாகையால் நீர் எளிதில் உட்புகுந்து ஏட்டை ஏட்டினின்று விலக்குகிறது; நீர் வெளியேறினால் ஏடுகள் மீண்டும் நெருங்குகின்றன. செம்மண்ணில் பெரும்பான்மையாக உள்ள களிக்கனிமங்களுக்கு இவ்வளவு நெகிழ்ச்சி இல்லை.

இதனை வீட்டுக்காரர் தாமே பிரத்தியட்சமாகக் காண ஓர் எளிய சோதனை உண்டு; இந்தியத் தர நிர்ணயத்தில் இடம்பெற்றதும்கூட. உலர்த்திச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராமாக இரண்டு பங்கு எடுத்து, அளவுக்கோடிட்ட இரண்டு கண்ணாடிக் குழாய்களில் இட்டு, ஒன்றில் மண்ணெண்ணெயும் மற்றதில் வாலை வடித்த நீரும் ஊற்றி, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுவைப்பார்கள். மண்ணெண்ணெய் அந்த ஏடுகளுக்கிடையே புகுந்து பருக்கச் செய்வதில்லை. ஆகவே அக்குழாயில் மண் இட்டபடியே கிடக்கும். நீர்க்குழாயில் அது எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அந்த வித்தியாசமே மண்ணின் வீக்க அளவு. நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் உயர்ந்தால், அங்கே சாதாரண அஸ்திவாரம் போட்டு வீடு கட்டுவது துன்பத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். மயமதம் முதலிய நம் பழைய சிற்ப நூல்களும் மனையில் ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணாலேயே அதை நிரப்பி, மண் மிஞ்சினால் உத்தமம், சரியானால் மத்திமம், குறைந்தால் அதமம் என்று வகுத்தன. நிலத்தின் இறுக்கத்தை அறிய அது நல்ல உபாயமே. ஆனால் உலர்ந்த கரிசலைத் தோண்டினால் கட்டிகட்டியாகப் பெயர்ந்து குழி கொள்ளாமல் மிஞ்சுமாதலால், அச்சோதனை ஒன்றையே நம்பினால் கரிசல் உத்தமம் என்றே முடிவாகும். இந்நிலத்தில் அதனோடு நீர்ச்சோதனையையும் சேர்த்துக்கொள்வது அவசியம்.

மண் பருக்கும்போது எழும் விசை சாமானியமானதன்று. கொடிய கரிசலில் அது சதுர மீட்டருக்கு இருபது, முப்பது டன் அளவையும் எட்டக்கூடும். ஓரடுக்கு வீட்டின் சுவர் தன் அஸ்திவாரத்தின் வழியே மண்ணில் இறக்கும் பாரமோ பெரும்பாலும் பத்து டன்னுக்குள் அடங்கிவிடும். எனவே இந்நிலத்தில் கனத்த கட்டடத்தைவிட இலேசான வீடே அதிகம் துன்புறுகிறது. சுற்றுச்சுவரும் தனியே நிற்கும் குளியலறையும் முதலில் பிளப்பதைக் கண்டிருப்பீர்கள். பாரம் தாங்காமல் இறங்கியது என்று நாம் நினைக்கும் பல வீடுகளின் உண்மைக் கதை, பாரம் போதாமையால் மண் தூக்கிவிட்டது என்பதே. அன்றியும் வீடு எழுந்தவுடன் அதன் நடுப்பகுதியில் வெயில் படுவதில்லை. ஆவியாக வேண்டிய ஈரம் தரைக்கு அடியிலேயே தங்கிச் சில ஆண்டுகளில் பெருகுகிறது. ஓரத்து மண்ணோ பருவத்துக்குப் பருவம் காய்ந்தும் நனைந்தும் இறங்கி ஏறுகிறது. இதனால் நடுக்கூடத்துத் தரை மெல்ல மேடுதட்டி, அதன்மேல் நேரே நிற்கும் அறைத்தடுப்புச் சுவர்கள் தூக்கப்பட்டு, வெளிமூலைகள் கோடையில் தாழ்ந்து, ஒரே வீடு இரு திசைகளிலும் இழுபடுகிறது.

எவ்வளவு வித்தியாசம் வந்தால் சுவர் பிளக்கும்? இங்கிலாந்தில் ஸ்கெம்ப்டன், மக்டொனால்டு என்னும் இருவர் 98 கட்டடங்களை ஆராய்ந்து 1956இல் வெளியிட்ட முடிவு இன்றும் பொறியாளர்களுக்கு ஆதாரமாக இருக்கிறது: இரண்டு இடங்களுக்கு இடையே ஏற்படும் ஏற்றத்தாழ்வு, அவற்றின் தூரத்தில் முந்நூற்றில் ஒரு பங்கை எட்டினால் சுவரில் விரிசல் தோன்றும். மூன்று மீட்டர் நீளச் சுவருக்கு இது ஒரு சென்டிமீட்டர். வீடு முழுவதும் ஒரு சாணே ஏறி இறங்கினாலும் ஒரே சீராக நிகழுமாயின் சுவருக்குச் சேதமில்லை. ஒரு மூலை மாத்திரம் விரற்கடை இறங்கினால் சேதம் நிச்சயம்.

இனி, விரிசலைப் படிக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். ஏனெனில் வீட்டுக்காரர்கள் பொருளை வீணாக்குவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். எல்லா விரிசலும் நிலத்தின் அசைவால் வருவதன்று. பூச்சின்மேல் வலைப்பின்னலாகத் தோன்றும் மயிரிழைக் கீறல்கள் காரை உலர்ந்ததால் வந்தவை. கான்கிரீட் கூரை சுவரின்மேல் அமரும் இடத்தில், தரைக்கு இணையாக ஓடும் நெடிய கோடு, வெயிலில் கூரை விரிந்து சுருங்குவதன் விளைவு. நிலம் அசைந்தால் வரும் விரிசலோ பெரும்பாலும் சாய்வாகவும், கதவு நிலை, ஜன்னல் ஆகியவற்றின் மூலைகளிலிருந்தும் கிளம்பும். பூச்சோடு நில்லாமல் செங்கல்லையும் ஊடுருவி, சுவரின் மறுபுறத்திலும் அதே இடத்தில் தென்படும். ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் குறுகியும் இருக்கும். இந்த அகலம் குறுகலில்தான் செய்தி அடங்கியிருக்கிறது. மேலே அகன்று கீழே குறுகினால், சுவரின் ஓரம் தாழ்ந்தது அல்லது நடுப்பகுதி எழும்பியது என்று கொள்ளலாம். கீழே அகன்று மேலே குறுகினால், நடு தாழ்ந்தது அல்லது ஓரம் எழும்பியது. கோடையில் அகன்று மார்கழியில் மூடிக்கொள்ளும் விரிசல், பருவத்தோடு மூச்சு விடும் மண்ணின் வேலை. பருவம் எதுவாயினும் அகன்றுகொண்டே போவது வேறு வகை. அங்கே உடைந்த குழாயோ, சரியாக மிதித்து இறுக்காமல் நிரப்பிய பள்ளமோ, அடியில் மூடப்பட்ட பழைய கிணறோ இருக்கிறதா என்று தேட வேண்டும்.

இவ்வேறுபாட்டை அறிய ஒரே வழி, ஓர் ஆண்டு முழுவதும் பொறுத்துப் பார்ப்பது. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடிட்டுத் தேதியைச் சுவரிலேயே எழுதுங்கள். விரிசலுக்கு இருபுறமும் ஒரு சிறு ஆணி அடித்து, மாதம் ஒரு முறை அவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து குறித்து வையுங்கள். பொறியாளரை அழைக்கும்போது அந்தக் குறிப்பேட்டை அவர் கையில் கொடுத்தால், நீங்கள் ஒரு மணி நேரம் வாயால் சொல்வதினும் அது அவருக்கு அதிகம் சொல்லும். அச்சம் எந்த அளவில் தகும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பிரிட்டிஷ் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த வரிசைப்படி, ஒரு மில்லிமீட்டர் வரையிலான விரிசல் வெள்ளையடிக்கும்போது மறையும். ஐந்து மில்லிமீட்டர் வரை கதவும் ஜன்னலும் சிறிது இறுகலாமேயன்றி ஆபத்தில்லை. ஐந்திலிருந்து பதினைந்து வரை கொத்துவேலை தேவை. பதினைந்துக்கு மேல் சுவரின் ஒரு பகுதியைப் பிரித்துக் கட்ட நேரலாம். இருபத்தைந்துக்கு மேல் கட்டடத்தின் நிலைபேறே கேள்விக்குரியது. ஆகவே முதற்கோடையில் நூலிழை விரிசலைக் கண்டு சுவரை இடிப்பதும் தகாது. விரல் நுழையும் பிளவைப் பட்டி பூசி மறைத்துவிட்டு மாடி எடுப்பதும் தகாது.

அவசரத்தின் விளைவை இங்கிலாந்தின் அனுபவம் காட்டுகிறது. லண்டன் நகரமும் அதன் சுற்றுப்புறமும் சுருங்கும் இயல்புள்ள களிமண்மேல் அமைந்தவை. அங்கே வீட்டுக் காப்பீட்டில் நிலத்தாழ்வையும் 1971இல் சேர்த்தார்கள். அதற்கு ஐந்தாண்டு கழித்து, 1976ஆம் ஆண்டின் பெரும் வறட்சியில் களிமண் வற்றிச் சுருங்கவே, ஆயிரக்கணக்கான வீட்டுக்காரர்கள் ஈடு கோரினார்கள். ஓக், பாப்லர், வில்லோ ஆகிய மரங்களின் வேர்கள் நீரை உறிஞ்சியதே பல வீடுகளில் காரணம் எனத் தெரிந்தது. களிமண் நிலத்தில் அஸ்திவாரம் குறைந்தது ஒரு மீட்டர் ஆழமாவது வேண்டும் என்ற எண்ணம் அவ்வாண்டுக்குப் பின் அங்கே உறுதிப்பட்டது. ஆனால் மறுமழையில் தானாகவே மூடிக்கொண்டிருக்கக்கூடிய விரிசல்களுக்காகவும், பெரும்பொருள் செலவிட்டு அஸ்திவாரத்தின் அடியைத் தோண்டிக் கான்கிரீட் கொடுத்தவர்கள் பலர்.

மரத்தைப் பற்றி நம் ஊரில் இரு விபரீதங்கள் நிகழ்கின்றன. அரசு, ஆல், தைலமரம் போன்ற பெருமரங்களைச் சுவரை ஒட்டி வளரவிடுவது ஒன்று. மரம் முழு வளர்ச்சியில் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமேனும் வீட்டுக்கு அப்பால் இருப்பது நலம் என்பது களிமண் நாடுகளின் பொதுவிதி. சிறிய மனையில் அது இயலாது என்றால் சிறிய மரங்களையே தேர்ந்துகொள்ளலாம். மற்றொன்று இதனினும் பொல்லாதது: விரிசலைக் கண்டவுடன், வீட்டுக்கு முன்பிருந்தே நின்ற முதிய வேம்பை ஒரே நாளில் வெட்டிச் சாய்ப்பது. அம்மரம் பல்லாண்டுகளாகக் குடித்துக் குடித்து வறளச் செய்திருந்த மண், குடிப்பவர் இல்லாமற் போகவே, ஆண்டுக்கணக்கில் ஈரத்தை மீண்டும் சேர்த்துப் பருத்து, அதுவரை தாழாத சுவரையும் தூக்கிவிடும். தாழ்ந்த சுவரைத் தாங்க உபாயம் உண்டு. எழும்பும் மண்ணை அடக்குவது அதனினும் அரிது. மரத்தை வெட்டியே தீர வேண்டுமாயின் அதற்குமுன் நிபுணர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள். பல இடங்களில் கிளைகளை அவ்வப்போது கழிப்பதே போதும்.

நீர் விஷயத்தில் செய்ய வேண்டியவை செலவு குறைந்தவை. அதனாலேயே அலட்சியத்துக்கு உள்ளாகின்றன. கூரை நீர் சுவரடியில் கொட்டலாகாது. வீட்டைச் சுற்றி ஒன்றரை, இரண்டு மீட்டர் அகலத்துக்கு நீர் இறங்காத தளம் இட்டு, அதை வெளிநோக்கிச் சரித்துவிட்டால், ஓரத்து மண்ணின் ஈரம் ஏறி இறங்குவது பெரிதும் அடங்கும். குளியலறைக் குழாயின் கசிவையும் செப்டிக் டேங்கின் வெடிப்பையும் அன்றன்றே சரிசெய்ய வேண்டும்; ஒரே மூலையில் இடைவிடாது ஈரம் தங்குவதைப் போன்ற தீங்கு கரிசலில் வேறில்லை. மழைநீர்ச் சேமிப்பை நம் மாநிலம் 2003இல் கட்டாயமாக்கியது. அது மிகவும் போற்றத்தக்க சட்டம். அதற்காகச் சுவரை ஒட்டியே உறைகுழி தோண்டி, கூரை முழுவதன் நீரையும் அஸ்திவாரத்தின் பக்கத்தில் இறக்குவது கரிசல் வீட்டில் தகாது. மனையின் தொலைமூலையில் குழியை அமைக்கலாம், அல்லது நீரைத் தொட்டியில் பிடித்துப் புழங்கலாம்.

இனிமேல் கட்டப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வானம் தோண்டி ஆற்றுமணலை நிரப்பி அதன்மேல் கட்டினால் கரிசல் அடங்கும் என்று நம் மேஸ்திரிமார் பலர் நம்புகிறார்கள். மணல் நீரைத் தடுக்காது. மழையில் அப்பள்ளம் நீர்த்தொட்டியாகி, அடியிலுள்ள கரிசலை மேலும் ஊறவைக்கும். பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராயிருந்த கட்டி அவர்கள், ஒட்டும் தன்மையுடையதாயினும் வீங்காத மண்ணை ஏறத்தாழ ஒரு மீட்டர் கனத்துக்கு இறுக்கி இட்டால், அதன் கீழுள்ள கரிசலின் எழுச்சி அடங்குவதை ஆராய்ந்து காட்டினார். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார், தினேஷ் மோகன் முதலிய அறிஞர்களின் உழைப்பால், நம் கருப்பு மண்ணுக்கென்றே வேறொரு முறையை வளர்த்தார்கள். மண்ணில் குறுகிய துளை இட்டு, அதன் அடிப்பகுதியைத் துளையின் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு குடைந்து குமிழாக அகலமாக்கி, கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்பித் தூண் அமைப்பது அம்முறை. பருவந்தோறும் அசையும் மேல்மண்ணைக் கடந்து, குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழத்தில் அந்தக் குமிழ் ஊன்றி நிற்கும். மேல்மண் பருத்துத் தூணின் தண்டை மேலே இழுத்தாலும் குமிழ் நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். தூண்களின்மேல் ஓடும் பெல்ட் கான்கிரீட்டுக்கும் தரைக்கும் நடுவே 80 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளியைக் கண்டு, வேலை குறையாக நின்றுவிட்டதென எண்ணி மண்ணைத் திணித்து அடைப்பவர்கள், அத்தனை செலவின் பயனையும் இழக்கிறார்கள். அது மண் எழும்ப விட்ட இடம்.

கடைசியாகக் காப்பீட்டையும் சட்டத்தையும் பற்றி. பாரத் கிருஹ ரக்ஷா என்னும் வீட்டுக் காப்பீடு 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் கிடைக்கிறது. வீடு நிற்கும் நிலம் தாழ்வதும் மண்சரிவும் அதில் அடங்கும். ஆனால் புதுக்கட்டடம் இயல்பாக அமர்வது, கொட்டி மேடாக்கிய மண் இறங்குவது, வடிவமைப்பிலோ வேலையிலோ உள்ள குறை, கட்டுமானத்துக்காகத் தோண்டுவது ஆகியவற்றால் வரும் சேதம் அதில் விலக்கப்பட்டிருக்கிறது; எனவே பத்திரத்தின் அப்பகுதியை வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். பதிவுபெற்ற திட்டத்தில் வீடு வாங்கியவருக்கு, 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவு, உடைமை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் வெளிப்படும் கட்டமைப்புக் குறையைக் கட்டுநர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. முன்சொன்ன மாதக் குறிப்பேடு அங்கே சாட்சியாகவும் நிற்கும். வீட்டை விற்பவர், தமக்குத் தெரிந்ததும் வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாததுமான பெருங்குறையை வெளியிட்டாக வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 55ஆம் பிரிவில் விதித்த கடமை. பட்டி பூசி மறைத்த விரிசலும் இதில் அகப்படக்கூடும். வாங்குபவரும் வீட்டை மழைக்காலத்தில் பார்த்ததோடு நில்லாமல், முடிந்தால் வைகாசியில் ஒரு முறை போய்ப் பார்ப்பது நன்று. மழையில் மூடிக்கிடக்கும் விரிசல் அப்போது வாய் திறந்திருக்கும்.

அடுத்த மனைக்காரர் தம் எல்லையில் ஆழமாகத் தோண்டினால் என் வீட்டுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்பவர்கள் உண்டு. தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில் அமலுக்கு வந்த 1882ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டப்படி, ஒவ்வொரு நிலத்துக்கும் தன் இயற்கை நிலையில் பக்கத்து நிலத்தின் தாங்குதல் உரியது. அந்நிலத்தின்மேல் கட்டிய வீட்டின் பாரத்துக்கு அவ்வுரிமை தானாக வந்துவிடாது, இருபது ஆண்டுகள் தடையின்றியும் அமைதியாகவும் அத்தாங்குதலை அனுபவித்திருந்தால்தான் அது நிலைபெறும். புதுவீடு உடையவர் இதை அறிந்து, பக்கத்தில் வானம் தோண்டுவதாகச் செய்தி வந்தவுடனே, சண்டைக்குப் போகாமல், அண்டை வீட்டாரோடும் அவர் பொறியாளரோடும் அமர்ந்து பேசி, தோண்டும் பள்ளத்துக்கு முட்டுக் கொடுக்கவும், மழைக்கு முன்பே அதை மூடவும் எழுத்தில் ஒப்புதல் பெற்று, அன்றே தம் சுவர்கள் அனைத்தையும் தேதியுடன் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.